புதுக் கொம்பியூட்டர் வாங்க முதல் அந்த ஆமையைப் பாருங்கள்

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு: "வர்ச்சுவல் மெஷின் ஓடுதே இல்ல வாப்பா, புதுசு ஒண்டு எடுக்கோணும்." பெற்றோர் கடன்படுவதற்கு முன் இதை ஒருதடவை வாசித்து விடுங்கள்.

வர்ச்சுவல் மெஷின் என்பது விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓடவிடுவது. உள்ளே பிள்ளை எதைக் குழப்பினாலும் வீட்டுக் கொம்பியூட்டர் தப்பிவிடும். படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு மைதானம் இல்லை.

வர்ச்சுவல்பொக்ஸா, வீஎம்வெயாரா, ஹைப்பர்-வியா வேகம் என்றுதான் எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். திரையில் படம் வழுக்கிக்கொண்டு ஓடுவதில் வீஎம்வெயார் ஒரு படி மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். 2024 நவம்பரிலிருந்து அது எல்லோருக்கும் இலவசம்; இன்னும் கிராக் தேடி வைரஸை வீட்டுக்குள் கூப்பிடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

ஆனால் நம் வீட்டு மெஷின்களில் வேகத்தைத் தின்பது வேறு. வர்ச்சுவல்பொக்ஸின் கீழ்ப்பட்டியில் பச்சை ஆமை ஒன்று தெரிகிறதா? அப்படியென்றால் விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கனவே புரொசசரின் வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, வர்ச்சுவல்பொக்ஸ் அதன் முதுகில் ஏறி மெதுவாகப் போகிறது. விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பு இயங்கினாலே இது நடக்கும். வீஎம்வெயாருக்கும் அதே கதைதான். அந்தப் பாதுகாப்பை நிறுத்தச் சொல்ல நாங்கள் தயாரில்லை. விண்டோஸ் புரோ என்றால் ஹைப்பர்-வியையே பாவியுங்கள். ஹோம் பதிப்பில் அது வராது. சில மெஷின்களில் பயோஸுக்குள் விரிச்சுவலைசேஷனே மூடிக் கிடக்கும், அதைத் திறக்க ஐந்து நிமிடம் போதும்.

பழைய ஹார்ட் டிஸ்க்தான் பெரிய எதிரி. விண்டோஸும் லினக்ஸும் ஒரே தட்டில் ஒன்றாகக் கை வைத்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரெம்மை 8 ஜிபி ஆக்கிப் பாருங்கள். 4 ஜிபிதான் என்றால் டெஸ்க்டொப் இல்லாத லினக்ஸ் சேர்வரை 1 ஜிபியில் ஓட்டலாம், கட்டளைகள் பழக அது தாராளம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் ஒரே லினக்ஸ், ஒரே ரெம் அளவு கொடுத்து, போனில் நேரம் பிடியுங்கள். உள்ளே ஓடும் மணிக்கூடு சிலவேளை பிந்தும். முதல் தடவையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

புரொசசர், ரெம், டிஸ்க் மூன்றையும் கொமண்டில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.