ஏட்டில் ஏறாததை இயந்திரம் அறியாது

2022-இல் கேரளத்தில் 43,910 சாலை விபத்துகள் பதிவாயின. இறந்தவர்கள் 4,317 பேர். உத்தரப் பிரதேசத்தில் பதிவானவை அதைவிடக் குறைவு, 41,746. ஆனால், அங்கே இறந்தவர்கள் 22,595 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் (64,105) நாட்டிலேயே முதலிடம் பெற்ற தமிழ்நாடு 17,884 உயிர்களை இழந்தது. நூறு விபத்துக்கு இத்தனை சாவு என்று கணக்கிட்டால் கேரளம் 10, தமிழ்நாடு 28, உ.பி. 54.

ஒரே நாட்டுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? வேகம், ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரம், மருத்துவமனையின் தொலைவு ஆகியவற்றுக்கு இதில் பங்குண்டு. ஆனால், அவை மட்டுமே இதை விளக்கிவிடா. சிராய்ப்போடு முடிந்த விபத்தும் ஓரிடத்தில் வழக்காகிறது; வேறோர் இடத்தில் ஆள் இறந்தால்தான் ஏட்டில் ஏறுகிறது என்றே கருத வேண்டியிருக்கிறது.

இத்தகைய பதிவுகளைக் கொண்டுதான் விபத்தின் கடுமையைக் கணிக்க இயந்திரக் கற்றல் நிரலைப் பழக்குகிறார்கள். வாகன வகை, நேரம், வெளிச்சம், வளைவு, தலைக்கவசம் போன்ற விவரங்களைக் கொடுத்தால், மரணமா, கொடுங்காயமா, சிறுகாயமா என்று அது கணிக்கிறது. எந்தக் காரணி எவ்வளவு பங்களித்தது என்றும் காட்டுகிறது. இது தேவையான முயற்சி. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்றாண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நிகழ்ந்த பிறகே அந்த இடம் 'கரும்புள்ளி' ஆகிறது. பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், '90 விழுக்காடு துல்லியம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. கேரளத்தின் ஒவ்வொரு விபத்துக்கும் 'மரணமில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே 90 விழுக்காடு சரியாகிவிடும்; ஒரு மரணத்தைக்கூட அது முன்னறிந்திருக்காது. உண்மையில் நேர்ந்த மரணங்களில் எத்தனையை அது அடையாளம் கண்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதைவிட ஆழமான சிக்கல், காரணம் எழுதும் கட்டத்தில் இருக்கிறது. 2022-இல் நாடு முழுவதும் நேர்ந்த சாலை மரணங்களில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அரசின் அறிக்கை. வேகம் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயைப் பாருங்கள். சேலம் நோக்கி நீண்ட சரிவில் இறங்கும் பாரவண்டிகளில் சில, டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடப்படுகின்றன. பிரேக் சூடேறிச் செயலிழக்கிறது. முன்னால் போகும் கார்கள் நசுங்குகின்றன. முதல் தகவல் அறிக்கை ஓட்டுநரின் அதிவேகத்தையும் அஜாக்கிரதையையும் சொல்லும். சரிவு எத்தனை பாகை, வண்டியில் எவ்வளவு பாரம் என்பது அதில் இருக்காது. அதைப் படித்து வளரும் இயந்திரமும் ஓட்டுநரையே குற்றஞ்சாட்டும்; சாலையை வடிவமைத்தவர் தப்பிவிடுவார்.

இது நமக்கு மட்டுமான சிக்கல் அன்று. பிரிட்டனில் 2016 வாக்கில் பல காவல் படைகள், காயத்தின் வகையைக் குறித்தால் அதன் கடுமையைக் கணினியே தீர்மானிக்கும் முறைக்கு மாறின. உடனே கொடுங்காயங்களின் எண்ணிக்கை கூடியது. பதியும் முறைதான் மாறியிருந்தது.

நமக்கு வழி இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடி உருவாக்கி, தேசியத் தகவல் மையம் செயல்படுத்தும் 'ஐராட்' தரவுத்தளத்தில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் என நான்கு துறைகளும் விவரம் சேர்க்க இடமுண்டு. தமிழ்நாட்டிலோ, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் மருத்துவப் பதிவுகள் 2021 டிசம்பர் முதல் சேர்ந்துகொண்டிருக்கின்றன. காயத்தின் கடுமையைக் காவலர் பார்வையால் அல்லாமல் மருத்துவர் குறிப்பால் முடிவு செய்ய இதைவிட நல்ல ஆதாரம் ஏது? அடிபட்டோரின் பெயர், முகவரியை நீக்கிவிட்டு ஐராட் தரவையும் இந்த மருத்துவப் பதிவுகளையும் இணைக்க வேண்டும். சாலையின் சரிவையும் வளைவையும் நெடுஞ்சாலைத் துறை தவறாமல் பதிய வேண்டும். அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இதற்கான முதல் ஆணையைத் தமிழ்நாடு அரசே பிறப்பிக்கட்டும்.