எலிக்கு வரம்பு தெரியாது

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வட்டைகளில் எலி வெட்டு என்பது ஒரு பழைய முறைப்பாடு. பயிர் குடலை கட்டியபின் நடு வயல் வட்டமாய் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டதும், அவரவர் கடைக்கு ஓடி நஞ்சு வாங்கி அவரவர் வரம்பில் வைக்கின்றோம். இவ்வாறு தனித்தனியே எலியோடு போராடும் வரையில் தோல்வி நமக்கே என்பதுதான் இங்கு நாம் சொல்ல விரும்புவது.

பகைவனை முதலில் அறிந்துகொள்வோம். வயலில் வளை தோண்டும் எலிகளுள் முக்கியமானது அகழான். அது வரம்பைக் குடைந்து, வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே வாழும். முற்றிய கதிர்களை அறுத்து வளைக்குள் சேமிக்கும். குடையப்பட்ட வரம்பினூடாக நாம் கட்டிய தண்ணீரும் ஒழுகிப் போகும். நெல் குடலைப் பருவத்தை அடைந்தது முதல் அறுவடை வரை அதன் இனப்பெருக்கம் மும்முரமாக நடைபெறும். சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் சாதாரணம். இளம் பயிரை எலி வெட்டினால் அது மீண்டும் மட்டம் வெடித்துத் தேறிவிடும். குடலைப் பயிர் வெட்டுண்டால் தேறாது. ஆகவே சேதத்தைக் கண்ட பின் தொடங்கும் வேலை காலங்கடந்த வேலையாகும்.

நஞ்சின் நிலை என்ன? சிங்க் பொஸ்பைட் வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறிக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. குறைவாக உண்டு பிழைத்த எலி, அந்த இரையைப் பின்னர் நெடுநாள் தொடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோ பல நாட்கள் கழித்தே கொல்லும். அதற்கிடையில் அந்த எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் கீரியும் மடியக்கூடும். கூலி வாங்காமல் எலி பிடித்துத் தந்த காவலாளிகளை நாமே கொன்றுவிடுகின்றோம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ சட்டவிரோதமானது. அது மனிதரையே பலிகொள்ளும்.

ஒருவர் தம் நான்கு ஏக்கரைச் சுத்தம் செய்தாலும், பக்கத்து வயலில் இருக்கும் எலி இரவோடிரவாக வந்துவிடும். எனவே, செய்ய வேண்டியவை வட்டை முழுவதற்கும் பொதுவானவை. இரண்டு வார இடைவெளிக்குள் அனைவரும் விதைத்து முடிக்க வேண்டும். பிந்தி விதைத்த வயல் எலிகளின் பெருக்கத்துக்கு மேலும் ஒரு மாதம் உணவளிக்கிறது. வரம்பு ஓரடிக்கு மேல் அகலமோ உயரமோ இல்லாதிருந்தால் வளை தோண்ட வசதி குறையும். வாய்க்கால் ஓரப் பற்றைகளை வெட்ட வேண்டும். வளை தோண்டி எலி பிடிக்கும் சிரமதானத்தை விதைப்புக்கு முன்னரும், விதைத்த முதற்சில வாரங்களிலும் செய்ய வேண்டும். அப்போது கொல்லும் ஒரு பெண் எலி, பின்னர் கொல்லும் ஒரு கூட்டத்துக்குச் சமம்.

அவுஸ்திரேலிய விஞ்ஞானி கிராண்ட் சிங்கிள்டனும் அவரோடு உழைத்தவர்களும் 1990களில் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் பரீட்சித்த பொறிவேலி முறையும் இதையே காட்டுகிறது. சிறு துண்டு நிலத்தில் இரண்டு மூன்று வாரம் முந்தி நெல் பயிரிட்டு, சுற்றிலும் பிளாஸ்ரிக் வேலி கட்டி, அதிலுள்ள துவாரங்களில் கூடுகளைப் பொருத்துவார்கள். முந்திய பயிரைத் தேடிவரும் எலிகள் அகப்படும். ஒரு வேலி சுற்றியுள்ள 25 ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்குப் பயன் தரவல்லது. ஆனால் பயன் பலருக்கு என்பதால் செலவையும் பலர் பங்கிட்டாக வேண்டும்.

இங்கேதான் நமது சிக்கல் இருக்கிறது. காணிக்காரர் கடற்கரை ஊரில். காணி மேற்கே வட்டையில். இடையில் குத்தகைக்காரர், கூலியாள். ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவர் வரம்பைத் திருத்த ஏன் செலவழிக்க வேண்டும்? அச்செலவு நிலத்துக்குரியவரைச் சாரும். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவர் கூலியாளே. 2008ஆம் ஆண்டில் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். காலில் புண் உள்ளவரைச் சேற்றில் இறக்காதிருப்பதும், தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்பதும், காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்ட உடனேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் வேலை கொடுப்பவரின் கடமை. இது தர்மமல்ல, நீதி.

கூடிச் செய்ய முடியுமா என்று ஐயுறுவோருக்குக் கல்லோயா இடதுகரையே சாட்சி. 1981 தொடக்கம் அங்கு விவசாயிகள் அமைப்புகள் கட்டப்பட்டபோது, வாய்க்காலின் தலைப்பிலிருந்த சிங்கள விவசாயிகள் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கும் தண்ணீர் போய்ச்சேர வழிசெய்தார்கள். தண்ணீரைப் பங்கிட முடிந்த மண்ணில் எலி வேட்டையைப் பங்கிட முடியாதா? முஸ்லிமின் வயல், தமிழரின் வயல், சிங்களவரின் வயல் என்று அகழான் பார்ப்பதில்லை.

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, மாடுகளை அகற்றும் திகதி எல்லாம் தீர்மானிக்கப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில் இன்னொரு திகதியையும் கேட்டு வாங்குவோம்: வட்டை முழுவதும் ஒன்றாக இறங்கி வளை தோண்டும் நாள். வட்டவிதானையார் அதனை அறிவிக்கட்டும். காணிக்காரரும் அன்று ஒரு மண்வெட்டியோடு வரட்டும். வர முடியாதவர் ஓர் ஆளின் கூலியையாவது கொடுத்தனுப்பட்டும்.