இரவில் வந்திறங்கும் உறவுகள்

சுவிஸிலிருந்து அக்கா குடும்பம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு இரவு 10.45க்கு ஹீத்ரோவில் இறங்குகிறது. அத்தான் அனுப்பிய பட்டியலில் மறுநாளுக்கு மட்டும் எட்டு இடங்கள்!

பெட்டி எடுத்து வெளியே வரவே நள்ளிரவாகும். ரியூப் விடிய விடிய ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில பாதைகளில்தான். நானே காரோடு போய் நிற்பேன்.

அன்றிரவு சோறும் நித்திரையும். மறுநாள் பின்னேரம் பிரிட்டிஷ் மியூசியம் ஒன்றே போதும், நுழைவு இலவசம். இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து வந்து, 1830 முதல் அங்கிருக்கும் தாரா சிலையைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இரண்டு முறை விசா மறுக்கப்பட்ட அம்மாவை நான் கண்டு பதினொரு வருசம். இந்த நான்கு நாளையும் வரிசைகளில் நின்று கழிக்க மனமில்லை. நீங்களும் பட்டியலில் பாதியை வெட்டி, கதைக்க நேரம் விடுங்கோ.