சோர்வுக்கு ஒரே பெயர் இல்லை

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் தீராத சோர்வுக்காக எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெற்றோர், பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றோடு வருகின்றனர். ஒன்று, "இவனுக்குச் சோம்பல், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்பது. மற்றொன்று, "இவளுக்குத் தைராய்டு, மாத்திரை எழுதித் தாருங்கள்" என்பது. முதலாவது முடிவு பிள்ளையைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது முடிவு, தேடலைத் தொடங்கும் முன்னரே முடித்துவிடுகிறது. இரண்டுமே தவறாகக்கூடும் என்பதையும், இரண்டாவது தவற்றில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

இங்கு இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கின்றோம். அவர்களை எவரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கின்றோம்.

மணலூர்பேட்டையிலிருந்து ஒரு தாய் தம் பதினாறு வயது மகளை அழைத்து வந்தார். பதினோராம் வகுப்பு மாணவி. காலையில் எழ முடியவில்லை. வகுப்பில் கண் சொக்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக்கு எழுந்தருளும்போது ஊரே ஆற்றில் திரளும். அந்த ஆண்டு அவள் வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை. "ஆத்துத் திருவிழாவுக்கே வரலன்னுட்டா சார். அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு" என்றார் தாய்.

கையில் ஒரு பரிசோதனைச் சீட்டு இருந்தது. டி.எஸ்.எச். 7.2 என்றிருந்தது. வழக்கமான மேல் எல்லை ஏறத்தாழ 4 முதல் 5 வரை. நாங்கள் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை எழுதினோம். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். எல்லைக்குள் வந்துவிட்டது, சோர்வு மட்டும் அப்படியே இருந்தது. "அளவு போதவில்லை போலும்" என்று 75 ஆக்கினோம். அதன்பின் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரவில் உறக்கம் வரவில்லை. சோர்வு கூடியது.

ஐந்தாம் மாதத்தில், எடை பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் அவளிடம் தனியாகக் கேட்டார்: "மாசாமாசம் எத்தன நாள் இருக்கும்மா?" அவள், "எட்டு, ஒம்போது நாள்க்கா" என்றாள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணித் தாயிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.9. உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5 மட்டுமே. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அன்றே கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்திருந்தால் வெளுப்புத் தெரிந்திருக்கும். கையிலிருந்த தாளைப் பார்த்த நாங்கள், எதிரிலிருந்த பிள்ளையைப் பார்க்கத் தவறினோம்.

தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் அவள் இரத்தத்தில் இல்லை. எங்கள் கண்காணிப்பிலேயே அம்மாத்திரையை நிறுத்தினோம். இரும்புச்சத்துச் சிகிச்சையைத் தொடங்கினோம். மிகுதியான உதிரப்போக்குக்கு மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் தனியே மருத்துவம் பெற்றாள். மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். தானாகவே எல்லைக்குள் இருந்தது. இதில் வியப்பில்லை. தைராய்டு இயக்குநீரை உருவாக்கும் நொதிக்கே இரும்பு தேவை. இரும்பு குறைந்தால் அச்சுரப்பியும் மந்தமாகலாம். நாங்கள் விளைவுக்கு மருந்து கொடுத்துக் காரணத்தை விட்டுவிட்டோம்.

இரண்டாவது பிள்ளை இதற்கு நேர் எதிர். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பதினான்கு வயதுச் சிறுவன். இரண்டு ஆண்டுகளாக வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்குச் "சோம்பேறி" என்றே பெயர். விளையாட மாட்டான், குளிர் தாங்க மாட்டான், மலச்சிக்கல் ஓயாது. ஆனால் மதிப்பெண் குறையவில்லை. அதனால் எவரும் கவலைப்படவில்லை. வேறு காரணத்துக்காக அழைத்து வந்த தாய் பேச்சுவாக்கில் சொன்னார்: "முந்தின வருசத்துப் பேண்ட்டே இன்னும் சரியா இருக்குது சார்." அவர் அதைச் செலவு மிச்சம் என்று எண்ணியிருந்தார். எங்களுக்கோ அந்த ஒரு சொல்லே நோயின் பெயரைச் சொல்லியது. வளர வேண்டிய வயதில் இரண்டு ஆண்டுகளாகப் பையன் வளரவே இல்லை. டி.எஸ்.எச். 100-ஐத் தாண்டியிருந்தது. இவனுக்குத் தைராக்ஸின் உண்மையாகவே உயிர்நாடி. சில வாரங்களில் முகம் தெளிந்தது. உயரமும் கூடத் தொடங்கியது. எனினும் இழந்த உயரம் முழுவதும் திரும்புமா என்ற தந்தையின் கேள்விக்கு எங்களால் உறுதி கூற இயலவில்லை. இரண்டு ஆண்டு முன்னர் வந்திருந்தால் உறுதியோடு பேசியிருப்போம்.

ஒரே புகார், இரண்டு விடைகள். ஒருத்திக்குத் தேவையற்ற மாத்திரை கிடைத்தது. ஒருவனுக்குத் தேவையான மாத்திரை கிடைக்கவில்லை.

எண் மட்டும் நோயாகாது

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் சற்று வேலை செய்" என்று தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது. தைராய்டு தளர்ந்தால் ஆணையின் குரல் உயர்கிறது. ஆனால் சிறிதளவு உயர்ந்த டி.எஸ்.எச். பல காரணங்களால் வரலாம். காய்ச்சலிலிருந்து மீளும்போதும், உடல் எடை மிகும்போதும் உயரலாம். வளரிளம் பருவத்தினரில் பலருக்கு அது சில மாதங்களில் தானே இறங்கிவிடுகிறது. ஆகவே 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட ஒற்றை முடிவை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவதை நாங்கள் ஏற்பதில்லை. சில வாரம் கழித்து மறுபரிசோதனை வேண்டும். அத்துடன் எஃப்.டி.4 அளவும் எதிர்ப்புப் பொருள் சோதனையும் வேண்டும். டி.எஸ்.எச். இயல்பாக இருந்தும் எஃப்.டி.4 குறைந்திருந்தால் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். அது அரிது, ஆயினும் டி.எஸ்.எச். ஒன்றையே பார்ப்பவர் அதைத் தவறவிடுவார்.

உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோயை 1912-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ முதன்முதலில் நான்கு பெண்களிடம் கண்டு விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இந்நோய் பெண் பிள்ளைகளிடம் மிகுதி. ஆனால் மேலே சொன்ன சிறுவனுக்கு இருந்ததும் அதுவே. "பெண்களுக்குத்தானே தைராய்டு" என்ற எண்ணமும் அவனுக்கு இரண்டு ஆண்டுகளைப் பறித்தது.

சோர்வின் பின்னால் வேறு பலவும் இருக்கலாம். அவற்றுள் முதன்மையானது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது உள்ளது. வைட்டமின் பி12 குறைவு, குடற்புழு, காசநோய், சர்க்கரை நோய், உறக்கத்தைத் தின்னும் கைப்பேசி, நள்ளிரவு வரை நீளும் படிப்பு, எவரிடமும் சொல்லாத மனத்துயர் ஆகியவையும் உண்டு. எனவே எங்கள் கருத்து இதுதான்: மாத்திரை உண்டு, டி.எஸ்.எச். எல்லைக்குள் வந்த பின்னும் சோர்வு தீராவிட்டால், மாத்திரையின் அளவைக் கூட்டுவது விடையன்று. கேள்வியை மாற்றுவதே விடை. எங்கள் பிரிவில் இப்போது அதை வழக்கமாக்கியுள்ளோம். இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், மாதவிலக்கு, உறக்கம், மனநிலை ஆகிய ஐந்தையும் கேட்டறியாமல் அளவைக் கூட்டுவதில்லை.

உப்பும் கிழங்கும்

நம் பகுதிக்குரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தைராய்டின் மூலப்பொருள் அயோடின். 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. அப்படியிருந்தும் 2018-19 இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. இது நாட்டிலேயே கடைசி இடம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவிக்கும் மாநிலத்தின் நிலை இது. கல்லுப்பு வாங்குவது தவறன்று. அயோடின் கலந்ததா என்று உறையிலுள்ள சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். கழுவிப் பயன்படுத்தாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல் மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

மரவள்ளிக் கிழங்கு நம் மாவட்டத்தின் பயிர். அதைத் தின்றால் தைராய்டு வரும் என்று அஞ்சுவோர் உள்ளனர். அக்கிழங்கிலுள்ள சில பொருள்கள் அயோடினின் வேலையைத் தடுப்பது உண்மையே. ஆனால் அயோடின் குறைவாக உள்ள உடலில்தான் அது பெரும் பாதிப்பாகிறது. தோலுரித்து, நன்கு வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, அயோடின் உப்போடு பிற உணவுகளையும் சேர்த்து உண்போர் அஞ்ச வேண்டியதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி வாருங்கள்: சோர்வு எப்போது தொடங்கியது, பிள்ளை எத்தனை மணிக்கு உறங்கி எழுகிறது, கடந்த ஓராண்டில் உயரமும் எடையும் எவ்வளவு மாறின, பெண் பிள்ளையாயின் மாதவிலக்கு எத்தனை நாள், என்னென்ன மாத்திரை, டானிக், நாட்டு மருந்து உட்கொள்கிறது. பயோட்டின் கலந்த மாத்திரைகள் தைராய்டு பரிசோதனையின் முடிவையே திரித்துக் காட்டக்கூடும். எடை இறங்குதல், விடாத காய்ச்சல், மிகுந்த தாகம், கழுத்தில் வீக்கம், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.

பிள்ளையோடு நாங்கள் சற்று நேரம் தனியே பேசக் கேட்டால் மறுக்காதீர்கள். உங்கள் மேல் ஐயம் கொண்டு கேட்பதன்று. தாய் தந்தையர் முன் சொல்லக் கூசும் செய்தி ஒன்றில்தான் பல நேரம் விடை இருக்கிறது.

தைராய்டு மாத்திரை உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைக்கு அதைக் காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னர்க் கொடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். எங்களைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். "தைராய்டுன்னு தெரிஞ்சா நாளைக்கு யார் பொண்ணு கேட்பாங்க?" என்று மாத்திரையை ஒளித்து வைக்கும் வீடுகளை அறிவோம். ஒழுங்காக மருந்துண்ணும் பெண் படிக்கலாம், உழைக்கலாம், மணம் புரியலாம், நலமான குழந்தையையும் பெறலாம். தீங்கு வருவது மருந்தை மறைத்து நிறுத்துவதால்தான்.

எல்லாப் பரிசோதனையும் இயல்பாக இருந்தும் சோர்வு நீங்காத பிள்ளைகளும் உள்ளனர். அவர்களிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதை மருத்துவர்களாகிய நாங்கள் கைவிட வேண்டும். "காரணம் இன்னும் கிடைக்கவில்லை, மூன்று மாதத்தில் மீண்டும் பார்ப்போம்" என்பதே நேர்மையான சொல். மணலூர்பேட்டையிலிருந்தோ மலையிலிருந்தோ எங்களிடம் வந்து போவதற்கு உங்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது என்பதை அறிவோம். அந்த நாள் வீணாகாதபடி கேட்க வேண்டியதைக் கேட்பது எங்கள் கடமை. கேட்காமல் விட்டால், "சார், இதைக் கேட்கவில்லையே" என்று எங்களிடம் சொல்வது உங்கள் உரிமை.