கரைக்கு வரும் புகை

மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கிறது. பிரயாணிகள் ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். எஞ்சினுக்கு மட்டும் ஓய்வில்லை. விளக்கு எரிய வேண்டும். அறைகள் குளிர வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமையல் ஆக வேண்டும். மின்சாரம் எல்லாம் எஞ்சின் தருவதுதான். புகையோ, துறைமுகத்தை அடுத்த வீடுகளுக்குள் போகிறது. கந்தகப் புகை ஆஸ்துமாக்காரர்களை வாட்டி எடுத்துவிடும்.

கப்பல் எண்ணெயில் 3.5 சதவிகிதம் வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்த உலக விதி, 2020-ல் 0.5 ஆக இறங்கியது. மத்தியதரைக் கடலில் 2025 மே 1 முதல் 0.1 தான். நல்ல காரியம்.

ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. மட்டமான எண்ணெயையே எரித்துவிட்டு, புகையைக் கடல் நீரால் கழுவினாலும் போதுமாம்! கழுவிய நீர் எங்கே போகும்? பெரும்பாலும் கடலுக்குத்தான். வாசல் குப்பையைக் கொல்லைக்குத் தள்ளிய கதை! டென்மார்க் தன் கரையோரக் கடலில் இப்படிக் கொட்டுவதை 2025 ஜூலையில் தடுத்துவிட்டது. மத்தியதரைக் கடல் நாடுகள் அனைத்தும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும்.

நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கலாம். அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2001-லேயே கொடுத்துக் காட்டியது. செலவு அதிகம் என்பார்கள். கப்பலுக்குள் நீச்சல் குளமும் நாடகக் கொட்டகையும் கட்டுகிறவர்களுக்கு ஒரு மின்சாரக் கம்பி பாரமா?

ஐரோப்பிய யூனியன் தன் முக்கியத் துறைமுகங்களில், பெரிய பயணிக் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் 2030 முதல்தான்! அதுவரை துறைமுகத்து ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டுமா? கம்பி போட்டு முடித்த துறைமுகங்களிலாவது இன்றே எஞ்சினை நிறுத்தச் சொல்லலாம்.