முட்டை ஒவ்வாமை: ‘பழகிப் போகும்’ என்பது பாதி உண்மை

“கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தானாகப் பழகிப் போகும்.” முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த அறிவுரையைக் கேட்காமல் இருக்க முடியாது. என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பாட்டி முதல் பக்கத்து வீட்டு ஆண்ட்டி வரை எல்லாரும் இதைச் சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவமும் ஏறக்குறைய இதைத்தான் செய்து பார்க்கிறது. வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று பெயர். வெள்ளைக்கருத் தூளை மில்லிகிராம் கணக்கில் அளந்து, தினமும் உணவில் கலந்து கொடுத்து, மாதக்கணக்கில் அளவைக் கூட்டுகிறார்கள். கூட்டும் நாளில் பிள்ளை மருத்துவர் கண்முன்னே இருக்க வேண்டும். பாட்டி சொல்லும் ‘கொஞ்சம்’ என்பதில் இந்த அளவும் இல்லை, மருத்துவரும் இல்லை. தொண்டை வீங்கி இரத்த அழுத்தம் இறங்கினால் வீட்டில் என்ன செய்வது?

பலன் உண்டா? 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 5 முதல் 11 வயது வரையிலான 55 பேர் பங்கேற்றனர். 40 பேருக்கு முட்டைத் தூள், 15 பேருக்கு முட்டை இல்லாத போலித் தூள். 10 மாதங்களில் முட்டைத் தூள் எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினர், 22 மாதங்களில் 75 விழுக்காட்டினர் முட்டையைத் தாங்கினர். போலித் தூள் எடுத்தவர்களில் 10 மாதங்களில் ஒருவரும் தேறவில்லை. பிறகு, தேறியவர்களுக்குச் சில வாரங்கள் தூளை நிறுத்திவிட்டு மறுபடியும் சோதித்தார்கள். 40 பேரில் 11 பேர்தான் தேறினர். அதாவது 28 விழுக்காடு.

வாட்ஸ்அப்பில் சுற்றுவது 75தான். எனக்கு 28தான் முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலோருக்குக் கிடைப்பது குணம் அல்ல, மருந்து தொடரும் வரை நிற்கும் தாங்குதிறன். அதற்கு அந்தப் பிள்ளை தினமும் விலை கொடுக்க வேண்டும். தூள் சாப்பிட்டவுடன் ஓடக் கூடாது, காற்பந்து ஆடக் கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும். எந்த விழுக்காட்டிலும் இந்தச் சுமை தெரியாது.

துளி முட்டை பட்டாலே துடிக்கும் பிள்ளைக்கு, கூடவே இருந்து கவனிக்கக்கூடிய குடும்பம் இருந்தால், இந்தச் சிகிச்சை எடுக்கத் தகுந்ததுதான் என்பது என் கருத்து. எல்லாருக்கும் தேவையில்லை. பலருக்கு வளர வளர முட்டை ஒவ்வாமை தானாகவே போய்விடுகிறது. இன்னும் பலர் கேக் சாப்பிடுவார்கள், அரை வேக்காட்டு முட்டையைத் தொடமாட்டார்கள். மாவோடு சேர்ந்து நெடுநேரம் வேகும்போது முட்டையின் புரதம் மாறிவிடுவதே காரணம். ஆகவே கேக் ஒத்துக்கொள்ளுமா என்பதைத்தான் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும். அதையும் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மகனையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் விழுங்கப் போவது அவன்தானே.

நம் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். “கேக் மட்டும் சாப்பிட்டாய், ரொட்டி தெலூர் வேண்டாமா?” என்று மாமாக் கடையில் கிண்டல் செய்யாதீர்கள், அவர் நடிக்கவில்லை. முகாமுக்குப் போகும்போது அவருடைய அட்ரினலின் ஊசி பையில் எங்கே இருக்கிறது, தொடையின் வெளிப்பக்கத்தில் அதை எப்படிப் போடுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டதும் 999ஐ அழைக்க வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டது என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.