எல்கடுவயில் இன்சுலின் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை

"எனக்கு மட்டுந்தான் இப்புடின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் அக்கா" என்றாள் அந்தப் பிள்ளை. வயது பதினாறு. எல்கடுவயை அண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வாசலில் இருந்து பேசிக்கொண்டிருந்தோம். பதினொரு வயதில் அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு என்று சொல்லப்பட்டது. அன்றிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. தன்னைப்போல ஊசி போடும் இன்னொரு பிள்ளையைக் கண்ணால் காண அவளுக்கு நான்கு வருடங்கள் எடுத்தன. அதுவும் கிளினிக் வாங்கில் தற்செயலாக.

நான் அங்கு போனது சம்பளப் பிரச்சினை பற்றி எழுத. திரும்பி வந்து எழுதுவது இதைப் பற்றி. காரணம், கடந்த நவம்பர் இறுதியில் அந்த லயத்தில் நடந்த ஒரு சம்பவம்.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன. இந்தப் பிள்ளையின் தோட்டத்துப் பாதையிலும் மண் விழுந்தது. கிளினிக் நாள் அடுத்த வாரம். குப்பியின் அடியில் கொஞ்ச இன்சுலின்தான் மிச்சம்.

ஒரு குப்பியில் 1000 அலகுகள் இருக்கும். அவளுக்குக் காலையில் 24, மாலையில் 12. நாளொன்றுக்கு 36 என்று கணக்குப் பார்த்தால் ஒரு குப்பி 27 நாட்களுக்குத்தான் வரும். மாதத்துக்கு ஒரு குப்பி என்றால் கையிருப்பு என்று ஒன்று இல்லை. பாதை எப்போது திறக்கும் என்று தெரியாத அம்மா, சீனியையும் மாவையும் மிச்சம் பிடிப்பது போல இன்சுலினையும் மிச்சம் பிடித்தார். 24ஐ 12 ஆக்கினார், 12ஐ 6 ஆக்கினார். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. "சாப்பிடலயே மிஸ், சாப்பிடாம ஊசி போட்டா சீனி எறங்கிருமேன்னு ஊசியையே நிப்பாட்டிட்டோம்" என்றார்.

முதலாம் வகை நீரிழிவைத் தெரிந்த எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு பதறும். அந்த வாந்தி சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் வந்தது அல்ல, இன்சுலின் போதாததால் வந்தது. இன்சுலின் இல்லாத உடம்பு சீனியை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீற்றோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமான மூச்சு, பழவாடை வீசும் வாய், பிறகு மயக்கம். கவனிக்காவிட்டால் மரணம். சாப்பிட முடியாத நாளில்கூட இன்சுலினை முற்றாக நிறுத்தக்கூடாது என்பது இந்த நோயின் முதல் பாடம். ஐந்து வருடங்களாக மாதாமாதம் கிளினிக் போன அம்மாவுக்கு அந்தப் பாடத்தை யாரும் அவருக்கு விளங்கும்படி சொல்லியிருக்கவில்லை.

தோட்டத்து இளைஞர்கள் அவளை முதுகில் சுமந்து மண் விழுந்த இடத்தைத் தாண்டி, மறுபக்கத்தில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு நோய்கள், ஒரே பெயர்

"சீனி வருத்தம்" என்றதும் எம்மவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டாம் வகை. வயது போனவர்களுக்கு வருவது, மாத்திரை, நடைப்பயிற்சி, சோற்றைக் குறைப்பது. முதலாம் வகை வேறு. உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. பிள்ளை இனிப்புச் சாப்பிட்டதாலோ தாய் கவனிக்காததாலோ வருவதல்ல. கைக்குழந்தைக்கும் வரலாம், முப்பது வயதிலும் வரலாம். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாத மெலிவு, களைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் அன்றைக்கே இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும்.

இன்சுலினுக்கு மாற்று இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பாகற்காய்ச் சாறும் ஆவாரம்பூக் குடிநீரும் முதலாம் வகையில் இன்சுலினின் வேலையைச் செய்யாது. அவற்றை நம்பி ஊசியை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

1921இல் ரொறொன்ரோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குப் போடப்பட்டது. அதற்கு முன்னர் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் இறந்தார்கள். நூறு வருடங்கள் கழிந்தும் நிலைமை சமமாக இல்லை. 2022இல் லான்செற் குழும மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் ஏறத்தாழ 84 இலட்சம் பேர் முதலாம் வகை நீரிழிவுடன் வாழ்ந்தார்கள். அந்த வருடம் பத்து வயதில் நோய் கண்டறியப்பட்ட பிள்ளை, செல்வந்த நாடொன்றில் சராசரியாக இன்னும் 65 வருடங்கள் வாழலாம். மிக வறிய நாடுகளில் அது 13 வருடங்களாகவும் இருக்கலாம். மருந்து ஒன்றுதான். அது கைக்குக் கிடைப்பதிலும், அதைக் கையாளத் தெரிவதிலுமே வித்தியாசம்.

இலங்கையில் அரச வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம். அது பெரிய விடயம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் ஊசி மருந்தைக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிட்டது என்று எங்கள் சுகாதாரத்துறை நினைக்கிறது. முதலாம் வகை நீரிழிவில் அன்றாடம் அளவைத் தீர்மானிப்பவர் வைத்தியர் அல்ல. மாதத்தில் ஐந்து நிமிடம் வைத்தியரைப் பார்க்கிறார்கள். மிச்ச நேரமெல்லாம் லயத்து அடுப்படியில் தாயும் பிள்ளையும்தான் வைத்தியர்கள்.

ஐந்து நாள் பள்ளிக்கூடம்

இதை மற்ற நாடுகள் முன்னரே உணர்ந்தன. ஜேர்மனியின் டூசல்டோர்ஃப் நகரில் மைக்கேல் பேர்கர் தலைமையிலான குழு, முதலாம் வகை நோயாளிகளுக்கு ஐந்து நாள் பாடநெறியொன்றை உருவாக்கியது. அதைத் தழுவி பிரித்தானியாவில் "டஃப்னே" என்ற பாடநெறி வந்தது. ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, தட்டில் உள்ள சாப்பாட்டில் எவ்வளவு மாச்சத்து, அதற்கு எத்தனை அலகு இன்சுலின், காய்ச்சல் வந்தால் என்ன, வேலை கூடினால் என்ன என்று கணக்குப் போட்டுப் பழகுகிறார்கள். 169 பேரோடு நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின், படித்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு 8.4 வீதம், இன்னும் படிக்காமல் காத்திருந்தவர்களுடையது 9.4 வீதம். விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரமும் அவர்களுக்குக் கூடியது.

இதை அப்படியே எல்கடுவக்குத் தூக்கிவர முடியாது. அந்தப் பாடநெறி சாப்பாட்டுக்குச் சாப்பாடு வேறாகப் போடும் இன்சுலினையும், நாளுக்குப் பல தடவை சீனி பார்க்கும் கீற்றுகளையும் எதிர்பார்க்கிறது. இந்தப் பிள்ளை போடுவது இருவேளைக் கலப்பு இன்சுலின். கீற்றுகளை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டும். தோட்டச் சம்பளத்தில் அது நாளாந்தச் செலவாக முடியாது. வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறார்கள், அதுவும் கை நடுங்கினால் மட்டும்.

ஆனாலும் அந்தப் பாடத்தின் பாதியைக் காசில்லாமல் கற்பிக்கலாம். நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் 75 கிராம் மாச்சத்து உண்டு என்று தெரிந்தால், காலையில் தின்னும் ரொட்டியின் பருமன் நாளுக்கு நாள் மாறக்கூடாது என்பது விளங்கும். கொழுந்து மலை ஏறினால் சீனி இறங்கும் என்பது விளங்கும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து, சரிவராவிட்டால் திரும்பவும் குடிக்க வேண்டும். இந்தத் தடுமாற்றத்தைக் கண்டு வெறி என்றோ பேய் என்றோ முடிவுகட்டும் ஊர் இன்னும் இருக்கிறது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

கற்பிப்பதற்கு நாட்டில் ஆட்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் நிரோகி லங்கா திட்டம் நீரிழிவுக் கல்விக்கென்றே தாதியரைப் பயிற்றியது. அந்த அனுபவம் இருக்கிறது. கேள்வி மொழி பற்றியது. தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி 38 வருடங்களுக்கு மேலாகிறது. இந்த அம்மாவுக்கு ஊசி போடும் முறையைச் சிங்களத்தில் சொல்லி, "தேருணாத?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தலையாட்டியிருக்கிறார். சந்தைச் சிங்களம் அவருக்குத் தெரியும். கீற்றோன் பற்றிய சிங்களம் தெரியாது. அந்தத் தாதியை நான் குறை சொல்லவில்லை. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அவரும் தனி ஆள்தான்.

பானைக்குள் வைத்த மருந்து

வடக்கு கிழக்கில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நான் வன்னியில் வளர்ந்தவள். எங்கள் ஒழுங்கையில் இன்சுலின் போடும் அக்கா ஒருவர் இருந்தார். மின்சாரம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்னொரு சிறு சட்டியை வைத்து, அதற்குள் குப்பியை வைத்திருப்பார். இடம்பெயரும்போது மற்றவர்கள் பாத்திரம் பண்டம் தூக்கினார்கள், அவர் அந்தப் பானையைத் தூக்கினார். 2009இல் மாத்தளனில்தான் அவரைக் கடைசியாகக் கண்டேன்.

அவர் செய்தது சரி என்று பின்னாளில் ஆய்வுகள் சொல்லின. மண்பானை போன்ற மரபுமுறைக் குளிர்விப்பான்கள் இன்சுலினைக் காக்க உதவும் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. திறக்காத குப்பிகளை 25 பாகை வரையான வெப்பத்தில் ஆறு மாதமும், 37 பாகை வரை இரண்டு மாதமும் வைத்திருக்க முடியலாம் என்று 2023இல் கொக்ரேன் மீளாய்வு கூறியது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மேலதிகக் குப்பி கொடுத்தால் பழுதாகிவிடும் என்ற சாட்டு இனி நிற்காது.

இரண்டாம் உலகப் போரில் ஷங்காயில் அகதியாக இருந்த ஈவா சாக்ஸல் என்ற பெண்ணின் கதையும் இதோடு சேர்ந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இன்சுலின் தீர்ந்தபோது, அவரும் கணவரும் ஒரு மருத்துவப் புத்தகத்தைத் துணையாகக் கொண்டு எருமையின் கணையத்தில் இருந்து இன்சுலின் தயாரித்து, முயல்களில் சோதித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதை மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள்.

எல்கடுவக்கும் வன்னிக்கும் உறவு உண்டு. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. இந்த அம்மாவின் மாமன் குடும்பமும் அப்படிப் போனதுதான். "அங்க யாருக்காவது இந்த வருத்தம் இருந்துச்சான்னு கேக்கக்கூட ஆளில்ல" என்றார்.

துணை இருந்தால்

கிளினிக் வாங்கில் கண்ட பையன் வேறொரு தோட்டத்தவன், வயது பதினெட்டு. இப்போது இருவரும் குரல் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். ஒரே இடத்தில் ஊசி போட்டால் தோல் தடித்து மருந்து சரியாக இறங்காது, இடம் மாற்ற வேண்டும் என்பதை அவளுக்குச் சொன்னது அவன். பாடசாலைப் பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதை ஆசிரியரிடம் சொல்லும் தைரியமும் அவனால் வந்தது. இந்தியாவில் 2017இலேயே மத்திய இடைநிலைக் கல்விச் சபை, நீரிழிவுள்ள மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குச் சீனி வில்லையும் பழமும் கொண்டுபோகலாம் என்று அறிவித்தது. இந்தப் பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். யாரிடம் அனுமதி கேட்பது என்று அவளுக்குத் தெரியாது.

துணை என்பதற்கும் எல்லை உண்டு. அலகை மாற்றச் சொல்வது வைத்தியரின் வேலை. பயத்தைக் குறைப்பதும், வெட்கத்தைப் போக்குவதும், "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்வதும் சக நோயாளியால் மட்டுமே முடிந்தவை.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. முதலாம் வகைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் கிளினிக், அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தமிழில் பாடம். தோட்ட மருத்துவ உதவியாளருக்குப் பயிற்சி. மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்கொரு மேலதிகக் குப்பி. பிள்ளைகளுக்காவது இலவசக் கீற்று. பிரித்தானியாவிலும் கனடாவிலும் இந்த நோயோடு வாழும் தமிழர்கள், தாங்கள் கற்றதைத் தமிழில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினால் அது பணத்தைவிடப் பெறுமதியாக இருக்கும். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அதே பதிவு உதவும்.

நான் புறப்படும்போது அம்மா ஒன்று கேட்டார். "இனி ராத்திரில இப்புடி ஆனா, தமிழ்ல பேசி என்ன செய்யணும்னு கேக்க ஒரு நம்பர் இருக்கா மிஸ்?"

என்னிடம் இருக்கவில்லை. என்னுடைய இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் வைத்தியர் இல்லை என்பதையும் சொன்னேன். "பரவாயில்ல" என்றார், "யாராவது எடுத்தா போதும்."